180 லிட்டர் வெளியே, 178 லிட்டர் உள்ளே: சிறுநீர் உருவாகும் கணக்கு

கிட்னியை ஃபில்டர் என்று சொல்லிப் பழகிவிட்டோம். ரத்தத்தில் இருக்கும் கழிவை மட்டும் பொறுக்கி எடுத்து வெளியே தள்ளுகிறது என்பதுதான் பெரும்பாலோர் மனதில் இருக்கும் படம். கணக்குப் போட்டுப் பார்த்தால் இந்தப் படம் நிற்காது. ஆரோக்கியமான ஒருவருக்கு இரண்டு கிட்னியும் சேர்ந்து நிமிடத்துக்குச் சுமார் 125 மி.லி. நீரை ரத்தத்திலிருந்து பிரிக்கின்றன. ஒரு நாளைக்கு 180 லிட்டர். அவர் கழிக்கும் சிறுநீரோ ஒன்றரை லிட்டர் அளவுதான். மீதி 178 லிட்டருக்கு மேல் ரத்தத்துக்கே திரும்பிப் போகிறது. ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா உடம்பில் மொத்தமே சுமார் 3 லிட்டர். அந்த 3 லிட்டரும் தினமும் 60 தடவை வெளியே போய் உள்ளே வருகிறது.

குமரி மாவட்டத்துக் கடற்கரையில் கரமடி வலை இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்த முறை உடனே விளங்கும். மடி எதையும் பார்த்து எடுப்பதில்லை. வழியில் கிடந்ததையெல்லாம் வாரிக்கொண்டு கரைக்கு வரும். வேண்டியதை மணலில் போட்டுத்தான் பிரித்தெடுப்பார்கள். கிட்னியும் அப்படித்தான். முதலில் கண்மூடித்தனமாக எல்லாவற்றையும் வெளியே விடுகிறது: தண்ணீர், உப்பு, சர்க்கரை, அமினோ அமிலம், யூரியா, சாப்பிட்ட மாத்திரை. பிறகு உடம்புக்கு வேண்டியதை ஒவ்வொன்றாகத் திரும்ப எடுக்கிறது. யாரும் எடுக்காமல் கிடப்பதே சிறுநீர்.

இப்படி வீண் வேலை செய்வானேன் என்று தோன்றும். ஆனால் இதில் ஒரு பெரிய வசதி உண்டு. இதுவரை பார்த்தே இராத ஒரு மருந்தோ நஞ்சோ உள்ளே வந்தால், அதை அடையாளம் கண்டு வெளியேற்றத் தனியாக ஒரு ஏற்பாடு தேவையில்லை. அளவில் சிறியதாக, நீரில் கரைவதாக, புரதத்தோடு ஒட்டாமல் இருந்தால் தானாக வடிந்துவிடும். திரும்ப எடுக்க ஆள் இல்லையென்றால் அப்படியே வெளியே போய்விடும்.

ரத்தம் வடியும் இடம்

ஒரு கிட்னி 11 முதல் 12 செ.மீ. நீளம், எடை 150 கிராம் அளவு. முதுகுப் பக்கம், கடைசி விலா எலும்புகள் பாதி மறைக்கிற உயரத்தில் இருக்கிறது. மேலே கல்லீரல் இருப்பதால் வலது கிட்னி சற்றுத் தாழ்வு. இடுப்பு வலித்தால் உடனே கிட்னி என்று பயப்படுகிறவர்கள் பலர்; கிட்னி இருப்பது அதற்கு மேலே.

இரண்டும் சேர்ந்து உடல் எடையில் அரை சதவீதம்கூட வராது. ஆனால் இதயம் வெளியேற்றும் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல், நிமிடத்துக்கு 1 லிட்டருக்குக் குறையாமல், இங்கே வருகிறது. இவ்வளவு ரத்தம் வருவது கிட்னியின் சொந்தப் பசிக்காக அல்ல, வடிப்பதற்காக.

வடிக்கும் அலகின் பெயர் நெஃப்ரான். ஒரு கிட்னிக்குச் சராசரியாகப் பத்து லட்சம். ஆளுக்கு ஆள் இந்த எண்ணிக்கை மிகவும் மாறும். பிறந்த பிறகு புதிதாக ஒன்றுகூட உருவாகாது. ஒவ்வொரு நெஃப்ரானின் தலையிலும் நுண்ணிய ரத்தக்குழாய்கள் சுருண்ட ஒரு முடிச்சு இருக்கிறது, குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு. இதுதான் குளோமெருலஸ். அதைச் சுற்றி பௌமன் கிண்ணம், அங்கிருந்து கிளம்பும் நீண்ட குழல்.

உடம்பில் மற்ற இடங்களில் நுண்குழாய்க்குள் ரத்தம் நுழையும்போது அழுத்தம் 30, 35 மி.மீ. பாதரசம் இருக்கும். குளோமெருலஸில் அது 60 அளவுக்கு இருக்கிறது. காரணம் அமைப்பு: ரத்தம் ஒரு சிறுதமனி வழியாக உள்ளே வந்து, சிரை வழியாகப் போகாமல் இன்னொரு சிறுதமனி வழியாகவே வெளியேறுகிறது. முன்வாசல், பின்வாசல் இரண்டையும் சுருக்கவோ விரிக்கவோ முடியும். அந்த 60-ல் ரத்தப் புரதங்கள் நீரை உள்ளே இழுத்துப் பிடிக்கும் விசை 32-ஐக் கழிக்கும். கிண்ணத்தில் ஏற்கெனவே நிற்கும் நீரின் எதிர் அழுத்தம் 18-ஐக் கழிக்கும். மிச்சம் 10. அந்தப் பத்து மி.மீ. அழுத்தத்தில்தான் 180 லிட்டரும் வடிகிறது. இவை பெரும்பாலும் விலங்குகளில் அளந்ததை வைத்து மனிதனுக்குப் போட்ட மதிப்பீடுகள்.

மிச்சம் இவ்வளவு குறைவு என்பதால்தான் வாந்தி பேதியில் ரத்த அழுத்தம் சரிந்தவருக்கு மூத்திரம் நின்றுபோகிறது. கல்லோ வீங்கிய புராஸ்டேட்டோ பாதையை அடைத்தால் எதிர் அழுத்தம் ஏறி வடிதல் நிற்பதும் இதே கணக்கில்தான். சாதாரண ஏற்ற இறக்கங்களைக் கிட்னி தானே சமாளிக்கும். முன்வாசலைத் திறந்து மூடி, உடல் ரத்த அழுத்தத்தின் சராசரி 80-லிருந்து 160 வரை எங்கே நின்றாலும் வடிதலைக் கிட்டத்தட்ட ஒரே அளவில் வைத்துக்கொள்ளும்.

இந்த வாசல்களில் கைவைக்கும் மாத்திரைகளைப் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும். உடம்பில் நீர் குறையும்போது முன்வாசல் மூடாமல் திறந்து வைப்பவை புராஸ்டாகிளாண்டின்கள். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் அவற்றின் உற்பத்தியை நிறுத்திவிடுகின்றன, முன்வாசல் சுருங்கும். ரத்தக் கொதிப்புக்குக் கொடுக்கும் ராமிபிரில், டெல்மிசார்டன் வகைகள் பின்வாசலை விரித்துவிடும். இது நீண்ட காலத்தில் கிட்னிக்கு நல்லது. சர்க்கரை நோயாளிக்கு வேண்டுமென்றே கொடுப்பார்கள். இதோடு மூத்திரம் போக மாத்திரையும் சாப்பிட்டு, வெயிலில் வியர்த்து, மூட்டுவலிக்கு மருந்துக் கடையில் நாலு வலி மாத்திரை வாங்கிப் போட்டால் என்ன ஆகும்? முன்வாசல் மூடியிருக்கிறது, பின்வாசல் திறந்திருக்கிறது, உள்ளே வரும் ரத்தமும் குறைவு. மிச்சமிருந்த அந்தப் பத்து காணாமல் போகும். தோவாளை, ஆரல்வாய்மொழிப் பக்கத்துச் செங்கல் சூளையில் வேலை செய்பவர், புத்தளம் உப்பளத்தில் நாள் முழுக்க நிற்பவர், கொதிப்பு மாத்திரை சாப்பிடும் அறுபது வயது அம்மா எல்லோருக்கும் இது பொருந்தும். பேதியோ கடும் வாந்தியோ வந்த நாட்களில் கொதிப்பு மாத்திரையைத் தொடரலாமா என்று எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. வலிக்குச் சரியான அளவில் பாரசிட்டமால் இந்த வாசல்களைத் தொந்தரவு செய்யாது.

நுரை சொல்லும் செய்தி

வடியும் சுவர் மூன்று அடுக்கு. ரத்தக்குழாயின் உள்பூச்சில் 70 முதல் 100 நானோமீட்டர் அளவு ஓட்டைகள். ரத்த அணுக்கள் இதைத் தாண்ட முடியாது. அடுத்தது அடித்தளச் சவ்வு. அதற்கும் வெளியே போடோசைட் என்ற செல்கள், விரல்களைக் கோத்ததுபோல் ஒன்றோடொன்று பின்னி நிற்கும். விரல்களுக்கு இடையே மெல்லிய புரத வலை. இந்தச் சுவருக்கு எதிர்மின் தன்மையும் உண்டு. ரத்தப் புரதமான அல்புமினும் எதிர்மின் கொண்டது என்பதால், அளவில் நுழைய வாய்ப்பிருந்தாலும் தள்ளிவிடப்படும். அப்படியும் கொஞ்சம் நழுவி வருவதைக் குழல் செல்கள் விழுங்கிவிடுகின்றன. ஆகவே ஒரு நாள் சிறுநீரில் புரதம் 150 மி.கிராமுக்குக் கீழே இருப்பதே இயல்பு.

சர்க்கரை நோயில் முதலில் அடிபடுவது இந்தச் சுவர்தான். போடோசைட்டின் விரல்கள் தட்டையாகி வலை கிழிகிறது, அல்புமின் ஒழுகுகிறது. கழிப்பறையில் தண்ணீர் ஊற்றிய பிறகும் கலையாமல் நிற்கும் நுரை இதற்கு அடையாளமாக இருக்கலாம். ஆனால் நுரை தெரியும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. அல்புமினுக்கும் தசையிலிருந்து வரும் கழிவான கிரியாட்டினினுக்கும் உள்ள விகிதம் பார்க்கும் சிறுநீர்ச் சோதனை, நுரைக்கு வருடங்கள் முன்பே சொல்லிவிடும். ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு 30 மி.கிராமுக்குள் அல்புமின் என்றால் சரி. 30 முதல் 300 வரை எச்சரிக்கை. அதற்கு மேல் போனால் கசிவு நன்றாகவே இருக்கிறது. காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீரைக் கொடுப்பது சிறந்தது. காய்ச்சல், மூத்திரக் கிருமித்தொற்று, மாதவிடாய், முந்தின நாள் கடும் உடற்பயிற்சி இருந்தால் எண் பொய் சொல்லும், தள்ளிப்போடுங்கள். ஒரு தடவை கூடினாலே நோய் என்று முடிவு கட்டுவதில்லை, மூன்று மாதத்துக்குள் திரும்பப் பார்ப்பார்கள்.

கிண்ணத்தில் வடிந்து நிற்கும் நீர், புரதம் கழித்த பிளாஸ்மாதான் என்பது ஒரு காலத்தில் ஊகமாக மட்டுமே இருந்தது. 1924-ல் வேர்ன், ரிச்சர்ட்ஸ் என்ற இரண்டு அமெரிக்கர்கள் தவளைக் கிட்னியின் ஒரே ஒரு கிண்ணத்தில் நுண்ணிய கண்ணாடிக் குழாயைச் செருகித் துளி நீரை உறிஞ்சி எடுத்தார்கள். அந்தத் துளியில் சர்க்கரை இருந்தது. அதே தவளையின் மூத்திரப்பையில் இருந்த சிறுநீரில் சர்க்கரை இல்லை. வடிந்தது திரும்ப எடுக்கப்படுகிறது என்பதற்கு இதைவிடச் சுருக்கமான சாட்சி கிடையாது.

முதல் குழலில் முக்கால் வேலை

கிண்ணத்தை விட்டதும் வரும் முதல் வளைவுக்குழலில், வடிந்த உப்பிலும் தண்ணீரிலும் மூன்றில் இரண்டு பங்கு ரத்தத்துக்குத் திரும்பிவிடும். சர்க்கரையும் அமினோ அமிலமும் அநேகமாக முழுக்க.

உப்பின் கணக்கைப் பாருங்கள். ஒரு நாளில் வடியும் 180 லிட்டரில் உள்ள சோடியத்தைச் சாப்பாட்டு உப்பாக மாற்றினால் சுமார் ஒன்றரை கிலோ வரும். கடையில் வாங்கும் ஒரு கிலோ பாக்கெட்டில் ஒன்றரை. நாம் சிறுநீரில் விடுவது சாப்பிட்ட அளவுக்குச் சமமான ஏதோ பத்து கிராம். மீதியை ஒரு சிட்டிகை விடாமல் திரும்ப ஏற்றியாக வேண்டும். வடிப்பதற்குக் கிட்னி தனியாகச் சக்தி செலவழிப்பதில்லை; அது இதயத்தின் அழுத்தத்தில் நடக்கிறது. இந்த உப்பை ஏற்றும் வேலைக்குத்தான் கிட்னி வாங்கும் ஆக்ஸிஜனில் பெரும்பங்கு போகிறது. ஆகவே ரத்த ஓட்டம் கொஞ்ச நேரம் நின்றாலும் முதலில் சாவது இந்தக் குழல் செல்கள்தான். இதில் ஒரு நல்லதும் உண்டு: குழல் செல்கள் திரும்ப வளரக்கூடியவை. அதனால்தான் திடீர்க் கிட்னி செயலிழப்பில் ஒன்றிரண்டு வாரம் டயாலிசிஸ் செய்தவர்கள் பிறகு அது இல்லாமலே நடமாடுகிறார்கள்.

சர்க்கரையைத் திரும்ப எடுப்பது எஸ்.ஜி.எல்.டி.2 என்ற புரதம். பத்தில் ஒன்பது பங்கு இதன் பொறுப்பு. தினம் வடியும் சர்க்கரை சுமார் 180 கிராம். ரத்தச் சர்க்கரை 180 மி.கிராமைத் தாண்டினால் இந்தப் புரதங்களுக்குக் கை போதாது, சிறுநீரில் சர்க்கரை இறங்கும், அது தன்னோடு தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். சர்க்கரை நோயாளி இரவில் நாலு தடவை எழுவது இதனால்தான். டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் மாத்திரைகள் இந்தப் புரதத்தையே அடைத்துச் சர்க்கரையைச் சிறுநீரில் விடுகின்றன. அதைச் சாப்பிடுகிறவருடைய சிறுநீர்ச் சோதனையில் சர்க்கரைக்கு நேரே நாலு பிளஸ் போட்டிருந்தால் பதற வேண்டாம். மாத்திரை வேலை செய்கிறது என்று அர்த்தம். அந்தரங்க உறுப்பில் அரிப்பு, பூஞ்சைத் தொற்று வர வாய்ப்புண்டு, சுத்தம் தேவை. இந்த மாத்திரைகள் குளோமெருலஸின் மிகை அழுத்தத்தையும் குறைக்கும் என்பதால் சர்க்கரை இல்லாத கிட்னி நோயாளிக்கும் இப்போது எழுதுகிறார்கள்.

எலிக்காய்ச்சல் கிருமியும் குறிவைப்பது இந்த முதல் குழலைத்தான். நாஞ்சில் நாட்டு வயலிலும் மழைக்காலத்துக் கால்வாய்க் கரையிலும் எலி மூத்திரம் கலந்த நீரில் கால்புண்ணோடு நிற்பவருக்கு இது வரும். மற்ற கிட்னி செயலிழப்பில் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறும். எலிக்காய்ச்சலில் குழல் சோடியத்தைப் பிடிக்க முடியாமல் விடுவதால் பல நேரம் பொட்டாசியம் இறங்கியே இருக்கும், மூத்திரமும் தாராளமாகப் போகும். “நல்லா போகுதே” என்று வீட்டில் இருந்துவிடுவது இங்கேதான் ஆபத்து. காய்ச்சல், கெண்டைக்கால் தசையில் தொட முடியாத வலி, கண் சிவப்பு மூன்றும் சேர்ந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி போக வேண்டும்.

குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களில் இன்னொரு விஷயம் கவனத்துக்குரியது. கண்ணாடி விரியன் கடி கிட்னியைக் கெடுக்கும் என்பது தெரிந்ததே. மூக்கு நுனி மேல்நோக்கி வளைந்த சிறிய குழிவிரியனும் மேற்குத் தொடர்ச்சி மலைத் தோட்டங்களில் உண்டு. அதன் கடியும் கிட்னியைச் செயலிழக்க வைக்கலாம். இந்தியாவில் கிடைக்கும் விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்குக்கு எதிராகச் செய்தது. இதற்குப் பலன் தராது. சிறு பாம்பு, வீக்கம் மட்டும்தான் என்று விட்டுவிடாமல் சில நாட்களுக்கு மூத்திர அளவையும் கிரியாட்டினினையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கடல் நீர் ஏன் தாகம் தீர்க்காது

அடுத்து வருவது ஹென்லே வளைவு. குழல் கிட்னியின் உள்பகுதிக்குள் நேராக இறங்கி, கொண்டை ஊசி வளைவில் திரும்பி மேலே வருகிறது. இறங்கும் கைவழியே தண்ணீர் வெளியேறலாம். ஏறும் கையின் தடித்த பகுதி தண்ணீரை விடாது, உப்பை மட்டும் வெளியே இறைக்கும். வடிந்த சோடியத்தில் கால் பங்கு இங்கே எடுக்கப்படுகிறது. இறைத்த உப்பு குழல்களைச் சுற்றிய திசுவில் தேங்குவதால், கிட்னியின் ஆழத்தில் அடர்த்தி ரத்தத்தைப்போல் நாலு மடங்கு, சுமார் 1200 மில்லி ஆஸ்மோல் (கரைந்திருக்கும் பொருள்களின் அளவைச் சொல்லும் அலகு) வரை ஏறும். கால் வீக்கத்துக்கும் மூச்சுத் திணறலுக்கும் போடும் ஃப்யூரோசமைடு, பரவலான பெயரில் லாசிக்ஸ், இந்த இறைப்பானை அடைக்கிறது. கால் பங்கு உப்பும் அதோடு தண்ணீரும் சிறுநீரில் கொட்டுவதால்தான் அதன் வேகம் அவ்வளவு.

கடைசியில் வரும் சேகரக்குழல் இந்த அடர்ந்த பகுதி வழியாகத்தான் இறங்கிப் போகிறது. மூளையிலிருந்து ஏ.டி.எச். ஹார்மோன் வந்தால் அக்வாபோரின் என்ற நீர்வழிகள் குழல் சுவரில் பொருத்தப்படும்; தண்ணீர் வெளியே உறிஞ்சப்பட்டு, சிறுநீர் கெட்டியாகும். ஹார்மோன் இல்லையென்றால் நீர்வழிகள் உள்ளே மடக்கப்படும். சிறுநீர் தண்ணீராகப் போகும். இந்த நீர்வழிப் புரதத்தைக் கண்டதற்காகப் பீட்டர் ஆக்ரேவுக்கு 2003-ல் வேதியியல் நோபல் கிடைத்தது.

கிட்னியால் 1200-க்கு மேல் கெட்டியாக்க முடியாது. தினசரிக் கழிவை வெளியேற்ற 600 மில்லி ஆஸ்மோல் போயாக வேண்டும். ஆக என்ன சிக்கனம் பிடித்தாலும் அரை லிட்டர் சிறுநீர் போயே தீரும். தூத்தூர், வள்ளவிளைப் பக்கத்திலிருந்து வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கும் விசைப்படகில் குடிநீர் தீர்ந்தால், சுற்றிலும் தண்ணீர் இருந்தும் குடிக்க முடியாததன் கணக்கு இதில் இருக்கிறது. ஒரு லிட்டர் கடல்நீர் குடித்தால் அதன் உப்பை வெளியேற்றவே ஒரு லிட்டர் சிறுநீர் வேண்டும். தினசரிக் கழிவுக்கு இன்னும் அரை லிட்டர். குடித்தது ஒன்று, போனது ஒன்றரை. தாகம் தீராமல் கூடும்.

சிறுநீர் கெட்டியாவதில் வேறொரு அபாயமும் மறைந்திருக்கிறது. தண்ணீரை எடுக்க எடுக்க, திரும்ப எடுக்கப்படாத பொருள்கள் செறிந்துகொண்டே போகும். ஆக்ஸலேட் அப்படி ஒன்று. கால்சியத்தோடு சேர்ந்து படிகமாகும். மெதுவாக நடந்தால் கல். ஒரேயடியாக நடந்தால் குழல்கள் முழுக்க ஊசிப் படிகம் அடைத்து, சில நாட்களில் கிட்னி நின்றுபோகும். பல வீட்டுப் பின்முற்றத்தில் அடிமரத்திலிருந்தே குலை குலையாகக் காய்க்கும் பிலிம்பிக்காயைக் கொழுப்பு குறையும் என்று அரைத்து, வெறும் வயிற்றில் சாறாகக் குடித்து இப்படிக் கிட்னி பாதித்தவர்களைப் பக்கத்துக் கேரள மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். மீன்குழம்பில் புளிக்குப் பதிலாக இரண்டு மூன்று போடுவது வேறு; காய்களை மொத்தமாகப் பிழிந்து டம்ளரில் குடிப்பது வேறு. ஊறுகாயைக்கூடச் சந்தேகிக்க வேண்டியதில்லை, சாற்றைக் குடிக்க வேண்டாம்.

கல் வந்தவர்களுக்கு ஒரு நாள் சிறுநீரே 2 லிட்டருக்குக் குறையாமல் இருக்கும்படி தண்ணீர் குடிக்கச் சொல்வது இந்தச் செறிவைத் தவிர்க்கத்தான். மற்றவர்கள் “கிட்னி சுத்தமாகட்டும்” என்று குடம் குடமாகக் குடிப்பதால் வடிகட்டும் வேகம் ஏறப்போவதில்லை. ஏ.டி.எச். இறங்கும், கூடுதல் தண்ணீர் போய்விடும், அவ்வளவுதான். வெயிலில் உழைப்பவர் கதை வேறு. உப்பளம், சூளை வேலையில் தினமும் உடம்பு வற்றிக் காய்வது வருடக்கணக்கில் தொடர்ந்தால் கிட்னி கெடலாம் என்ற கவலை உலகமெங்கும் இருக்கிறது. மத்திய அமெரிக்கக் கரும்புத் தோட்டத் தொழிலாளர்களிடம் சர்க்கரையோ கொதிப்போ இல்லாமலே கிட்னி நோய் பெருகியதைப் பார்த்த பிறகு வந்த கவலை இது. வேலை இடத்தில் நிழலும் இடைவேளையும் எட்டும் தூரத்தில் குடிநீரும் தொழிலாளி கேட்டு வாங்கும் சலுகையாக இருப்பது சரியல்ல.

சேகரக்குழலில் நடக்கும் மற்றொரு முக்கிய வேலை பொட்டாசியம். மற்றவை போலல்லாமல் இது வடிந்ததில் பெரும்பகுதி முதலிலேயே திரும்பிவிட, வெளியே போக வேண்டிய அளவை இந்தக் கடைசிக் குழல் புதிதாக உள்ளே தள்ளுகிறது. ஆல்டோஸ்டிரோன் ஹார்மோன் அதற்கு உத்தரவு போடும். ரத்தத்தின் அமிலமும் இங்கேதான் கடைசியாக வெளியேற்றப்படுகிறது. அதன்பின் சிறுநீரில் எதுவும் மாறுவதில்லை. 25 முதல் 30 செ.மீ. நீளக் குழாயில் அலை அலையாகச் சுருங்கி இறங்கிப் பையில் சேரும். 150, 200 மி.லி. சேர்ந்ததும் போக வேண்டும் என்ற நினைப்பு வரும். 400-ஐத் தாண்டினால் அவசரம்.

“யூரின் நல்லா போகுது”

இவ்வளவு கணக்கும் பார்த்த பிறகு அடிக்கடி கேட்கும் ஒரு வாக்கியத்தை எடைபோடலாம். கிட்னி 15 மி.லி. வேகத்துக்கு, அதாவது எட்டில் ஒரு பங்குக்கு இறங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் நாளைக்கு 21 லிட்டருக்கு மேல் வடிகிறது. அதில் பத்தில் ஒன்பது பங்கைத் திரும்ப எடுத்தாலும் 2 லிட்டர் சிறுநீர் போகும். பார்க்க நல்ல அளவு. ஆனால் டயாலிசிஸுக்குப் பேச்சு தொடங்க வேண்டிய நிலை அது. சிறுநீரின் அளவு, வடிந்ததற்கும் திரும்பியதற்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே. கிட்னியின் வலுவை அது காட்டாது. இரவில் புதிதாக இரண்டு மூன்று தடவை எழ நேர்வது, கெட்டியாக்கும் திறன் குறைந்துவருவதன் முதல் அறிகுறியாக இருக்கலாம். திடீர்ப் பாதிப்பில் மட்டும் அளவு பேசும்: 60 கிலோ எடையுள்ளவருக்கு மணிக்கு 30 மி.லி.க்குக் கீழே ஆறு மணி நேரம் தொடர்ந்தால் அது அவசரம்.

வலுவைக் காட்டுவது கிரியாட்டினின். தசையிலிருந்து தினமும் ஏறத்தாழ ஒரே அளவில் வரும் கழிவு. வடியும், திரும்ப எடுக்கப்படாது. வடிகட்டும் வேகம் பாதியானால் ரத்தத்தில் இது இரட்டிப்பாகும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. 0.6-லிருந்து 1.2 ஆனாலும் லேப் அச்சிடும் எல்லைக்குள்தான் இருக்கும், கிட்னி பாதி போயிருக்கும். ஆகவே பழைய ரிப்போர்ட்டுகளைத் தூக்கிப் போடாமல் வைத்திருப்பது இன்றைய எண்ணைவிடப் பயன் தரும். வயதும் தசையும் கணக்கில் வர வேண்டும். இப்போது பயன்படும் 2021 சமன்பாட்டில் போட்டால், அதே 1.2 கிரியாட்டினின் 25 வயது ஆணுக்கு 86 என்ற வடிகட்டும் வேகத்தைக் கொடுக்கும். 65 வயதுப் பெண்ணுக்கு 50. முதலாமவரை வீட்டுக்கு அனுப்பலாம். இரண்டாமவருக்கு மூன்று மாதம் கழித்தும் 60-க்குக் கீழேயே இருந்தால் நாள்பட்ட கிட்னி நோய். லேப்பில் வெறும் கிரியாட்டினின் மட்டும் எழுதியிருந்தால் இ.ஜி.எஃப்.ஆர். எனப்படும் இந்த வடிகட்டும் வேகத்தைக் கணக்கிட்டுத் தரச் சொல்லலாம், தனிக் குழாயில் ரத்தம் எடுக்கத் தேவையில்லை. ஜிம்முக்குப் போய் கிரியாட்டின் பொடி சாப்பிடுகிறவர்கள் அதைச் சொல்லிவிட வேண்டும். எண் உயர்ந்து தெரியும்.

டயாலிசிஸ் இயந்திரம் கிட்னி வேலையில் முதல் பாதியை மட்டுமே செய்கிறது. ரத்தத்தை மெல்லிய செயற்கைக் குழல்கள் வழியாக ஓட்டி, வெளியே நிமிடத்துக்கு அரை லிட்டர் கரைசலை ஓடவிடுகிறார்கள். நாலு மணி நேரத்துக்கு 120 லிட்டர். எதை எவ்வளவு திரும்ப எடுப்பது என்று தீர்மானிக்கும் குழல் அங்கே இல்லை. ரத்தத்தில் எவ்வளவு சோடியம், பொட்டாசியம் மிஞ்ச வேண்டும் என்பதைக் கரைசலின் கலவையில் முன்கூட்டியே வைத்துவிடுகிறார்கள். வாரத்தில் மூன்று தடவை, 12 மணி நேரம்தான் இது ஓடும். மீதி 156 மணி நேரமும் சாப்பிட்ட பொட்டாசியம் உள்ளேயே சேரும். இரண்டு நாள் இடைவெளி வரும் வார இறுதிதான் இதயத்துக்கு மிக ஆபத்தான நேரம். வயிற்றுக்குள் கரைசல் விட்டு வடிக்கும் முறையில் இருப்பவர்களுக்குத் தினமும் நடப்பதால் இந்த ஏற்ற இறக்கம் குறைவு. அந்தக் கரைசல் பைகள் 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வருகின்றன.

குமரி மாவட்டத்துச் சாப்பாட்டில் பொட்டாசியம் எங்கும் இருக்கிறது. ஒரு இளநீரில் மட்டும் 600 மி.கி. போல. மட்டி வாழையோ செவ்வாழையோ ஏத்தனோ, நூறு கிராம் பழத்தில் சுமார் 350 மி.கி. இருக்கும். டயாலிசிஸில் இருப்பவருக்குப் பல நேரம் ஒரு நாள் வரம்பே 2 கிராமை ஒட்டித்தான். மரச்சீனிக்கிழங்கை முழுக்கத் தடுக்க வேண்டியதில்லை: தோலும் நாரும் நீக்கிச் சிறு துண்டுகளாக வெட்டி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரை ஒட்ட வடித்துக் கொட்டிவிட்டால் பொட்டாசியம் கணிசமாக இறங்கிவிடும். கொட்டிய தண்ணீரைக் குழம்பில் சேர்க்கக் கூடாது. உப்பு குறைக்கிறேன் என்று கடையில் விற்கும் குறைந்த சோடிய உப்பை வாங்குவதும் இவர்களுக்கு ஆகாது. அதில் சோடியத்துக்குப் பதில் இருப்பது பொட்டாசியம்.